பொன்முலாம் பூசிய பழைய புத்தர் சிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளம், திபெத், சீனா, மங்கோலியா, கொரியா, ஜப்பான், இலங்கை என்று பல நாடுகளில் செம்பிலும் வெண்கலத்திலும் வார்த்து, மேலே தங்கம் ஏற்றிய பௌத்தப் படிமங்கள் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கிறவர்களும், வீட்டில் ஒன்றை வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிலைகளில் தங்கம்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் கையைப் பாருங்கள். அப்புறம் மடி, கிரீடம், பீடம். விட்டால் முதுகையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் துறந்தவருக்கு எதற்குத் தங்கம்?

இது செல்வத்தைக் காட்டுவதற்காகப் பூசியது அல்ல. புத்தரின் உடலுக்கு 32 மகாபுருஷ லட்சணங்கள் உண்டு என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. உச்சந்தலையில் எழும் உஷ்ணீஷம், புருவங்களுக்கு நடுவே ஊர்ணை என்னும் சுழி, உள்ளங்காலில் சக்கரம் ஆகியவை அந்தப் பட்டியலில் வருபவை. பொன்னிற மேனியும் அதில் ஒன்று. ஆகவே சிற்பி தங்கம் பூசும்போது அலங்காரம் செய்யவில்லை, லட்சணத்தை நிறைவேற்றுகிறார். திபெத்தில் இதோடு நிற்காமல் தலைமுடிக்கு நீல வண்ணமும் தீட்டுவார்கள். காரணம் அதேதான்.

நீண்டு தொங்கும் காதுமடலுக்கு வேறு கதை சொல்வார்கள்: இளவரசராக இருந்தபோது கனத்த காதணிகள் அணிந்தவர், துறவுக்குப் பின் அவற்றைக் கழற்றிவிட்டார், மடல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் ஊர்ப் பாட்டிகளின் பாம்படக் காதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவை உண்மையில் வெண்கலமா?

பெரும்பாலான அருங்காட்சியக அட்டைகள் வெண்கலம் என்றுதான் எழுதுகின்றன. ஆனால் நேபாளத்தில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வ மக்களான நேவார் சிற்பிகள் கிட்டத்தட்டச் சுத்தமான செம்பையே வார்த்தார்கள். செம்பு வெண்கலத்தைப் போல எளிதில் ஓடாது, அதனால் வார்ப்பது கடினம். ஆனாலும் அதில் தங்கம் நன்றாக ஒட்டும். ஈயம் அதிகம் கலந்த உலோகத்தில் சூடேற்றும்போது தங்கம் கறைபடும். முலாம் பூசப் போகிறோம் என்று தெரிந்தே செம்பைத் தேர்ந்தார்கள். காஷ்மீரிலும் சுவாத் பள்ளத்தாக்கிலும் பித்தளை வழக்கம். அங்கே முழுக்க முலாம் பூசுவது அரிது. கண்ணுக்கு வெள்ளியும் உதட்டுக்குச் செம்பும் பதிப்பார்கள்.

தங்கத்தை எப்படி ஏற்றினார்கள்?

முக்கியமான முறை பாதரச முலாம். தங்கத்தைப் பொடித்துப் பல மடங்கு பாதரசத்தோடு கலந்தால் வெண்ணெய் பதத்தில் ஒரு பசை கிடைக்கும். சிலையின் மேல்பரப்பை நன்றாகச் சுத்தம் செய்து அந்தப் பசையைத் தடவி, தீயில் வாட்டுவார்கள். பாதரசத்தின் கொதிநிலை 357 பாகை செல்சியஸ். சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும், தங்கம் செம்போடு பிணைந்து நிற்கும். அந்த நிலையில் பார்த்தால் பளபளப்பு இருக்காது. மங்கலான மஞ்சள்தான் தெரியும். அகேட் போன்ற வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் நாம் பார்க்கும் ஒளி வரும். தடிமன் போதாவிட்டால் மறுபடியும் பசை, மறுபடியும் தீ.

பாதரச ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் விஷம். இந்தச் சிலைகளின் அழகைப் பேசுகிறவர்கள் அவற்றைச் செய்தவர்களின் உடம்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜப்பானின் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வைரோசன புத்தரை வார்த்து, 752-இல் கண்திறந்தார்கள். அத்தனை பெரிய உருவத்துக்கும் இதே முறையில்தான் தங்கம் ஏற்றினார்கள். அந்தக் கண்திறப்பை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

இன்னும் இரண்டு முறைகள் உண்டு. தங்கப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் தீட்டுவது ஒன்று. திபெத்தியச் சிலைகளில் உடம்பு பாதரச முலாமில் மின்னும்போது, முகம் மட்டும் மேட் வண்ணம் போல மங்கலாக இருந்தால் அது இந்தத் தீட்டிய தங்கம்தான். பக்தர்கள் காலத்துக்குக் காலம் புண்ணியத்துக்காக மேலே மேலே தீட்டுவார்கள். மற்றொன்று, அரக்கு பூசி அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது. இது பர்மாவிலும் தாய்லாந்திலும் வழக்கம். மாண்டலேயில் உள்ள மகாமுனி புத்தருக்கு ஆண் பக்தர்கள் ரேக்கு ஒட்டி ஒட்டி, உடம்பு முழுக்க மேடுபள்ளமாகத் தங்கம் திரண்டுவிட்டது. முகத்தை மட்டும் தினமும் விடியற்காலையில் கழுவுவதால் அது தன் வடிவத்தோடு இருக்கிறது.

நம் சோழர் செப்புத் திருமேனிகளில் இது ஏன் இல்லை?

தென்னிந்தியப் பஞ்சலோகப் படிமங்களுக்குப் பொதுவாக முலாம் பூசுவதில்லை. தங்கம் சாத்த வேண்டுமானால் கவசமாகச் செய்து சாத்துவார்கள், திருமஞ்சனத்தின்போது கழற்றிவிடலாம். வார்க்கும் முறை இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் பெரும்பாலும் கனமாக, உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்க்கிறார்கள். நேபாளத்தில் உள்ளே மண்கரு வைத்துக் கூடாக வார்க்கிறார்கள். அந்தக் கூடு எதற்குப் பயன்படுகிறது என்பது பின்னால் வரும்.

பௌத்த வெண்கலம் தமிழ்நாட்டிலும் உண்டு, அதுவும் ஏராளமாக. 1856 முதல் 1930-கள் வரை நாகப்பட்டினத்தில் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மன் தொடங்கி, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூளாமணி விகாரை இருந்த ஊர் அது. அதற்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்தரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி: உஷ்ணீஷத்தின் உச்சியில் ஒரு தீச்சுடர் எழும். இலங்கைப் புத்தர்களிலும் இந்தச் சுடர் உண்டு.

எல்லாப் புத்தரும் ஒன்று போலவே தெரிகிறார்களே, யார் யார் என்று எப்படிச் சொல்வது?

முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. முகம் எல்லோருக்கும் ஒரே அளவுக் கணக்கில் செய்யப்படுவது. கையைப் பாருங்கள்.

வலக்கை முழங்காலைத் தாண்டித் தொங்கி விரல்நுனி தரையைத் தொட்டால் பூமிஸ்பரிச முத்திரை. போதி மரத்தடியில், தவத்தைக் குலைக்கப் பார்க்கும் மாரன் வந்து, 'இந்த ஆசனத்துக்கு நீ தகுதியானவன் என்பதற்கு யார் சாட்சி?' என்று கேட்டபோது, சித்தார்த்தர் பூமியைத் தொட்டுச் சாட்சிக்கு அழைத்த நொடி அது. இரண்டு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்று என்றால் தியானம். உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க உயர்ந்திருந்தால் அபயம், தாழ்ந்திருந்தால் வரதம். இந்த இரண்டும் நம் கோயில் மூர்த்திகளில் பழகியவைதான். மார்புக்கு முன்னால் இரு கைகளின் விரல்களும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றுவது போல இருந்தால் தர்மசக்கர முத்திரை, அதாவது சாரநாத்தின் முதல் உபதேசம்.

நேபாளம், திபெத் பக்கத்து மரபான வஜ்ரயான பௌத்தத்தில் ஐந்து ததாகதர்கள், அதாவது ஐந்து புத்தர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு திசை, ஒரு நிறம், ஒரு முத்திரை, ஒரு வாகனம். வைரோசனருக்கு நடுவிடம், வெண்மை, தர்மசக்கர முத்திரை, சிங்கம். கிழக்கில் அட்சோபியர், நீலம், நிலம் தொடும் கை, யானை. தெற்கில் ரத்னசம்பவர், மஞ்சள், வரதம், குதிரை. மேற்கில் அமிதாபர், சிவப்பு, தியானம், மயில். வடக்கில் அமோகசித்தி, பச்சை, அபயம், கருடன். முலாம் பூசிய சிலையில் நிறம் தெரியாது. அதனால் முத்திரையும் பீடத்தில் செதுக்கிய விலங்கும்தான் கைகொடுக்கும்.

நிலம் தொடும் கை சாக்கியமுனி என்னும் கௌதம புத்தருக்கும் உண்டு, அட்சோபியருக்கும் உண்டு என்றால் எப்படிப் பிரிப்பது?

நல்ல கேள்வி, ஏல நிறுவனங்களின் பட்டியல்களே இதில் தடுமாறும். பீடத்தின் மேல், புத்தரின் கால்களுக்கு முன்னால் ஒரு சிறிய வஜ்ரம் (இரு முனையும் கூம்பிய சடங்குக் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அட்சோபியர் என்று கொள்வது பொது வழக்கம். அதுவும் நூற்றுக்கு நூறு உறுதி இல்லை. புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்கே வஜ்ராசனம் என்று பெயர் இருப்பதால், சாக்கியமுனியின் பீடத்திலும் சில சமயம் வஜ்ரம் வரும். பீடத்தில் யானைகள் இருந்தால் அட்சோபியர் பக்கம் தராசு சாயும்.

தியான முத்திரையிலும் இதே குழப்பம் வரும். மடியில் உள்ள கைகளில் பிச்சைப் பாத்திரம் இருந்து துறவிக் கோலத்தில் இருந்தால் அமிதாபராகவோ சாக்கியமுனியாகவோ இருக்கலாம். கிரீடமும் நகைகளும் அணிந்து மடியில் அமுதக் கலசம் ஏந்தியிருந்தால் அவர் அமிதாயுஸ், நீண்ட ஆயுளைத் தருபவர். மடியில் பாத்திரமும் வலக்கையில் காயோடு கூடிய ஒரு சிறு கிளையும் இருந்தால் மருத்துவ புத்தர். அந்தக் காய் வேறொன்றும் இல்லை, நம் வீட்டுக் கடுக்காய்.

நகை அணிந்தவர்கள் எல்லோரும் போதிசத்துவர்களா?

பெரும்பாலும் ஆம். போதிசத்துவர் என்றால் புத்தநிலையை நோக்கிச் செல்பவர், பிற உயிர்களுக்கு உதவுபவர். புத்தர்களுக்குத் துறவியின் ஆடை, போதிசத்துவர்களுக்கு இளவரசக் கோலம் என்பது பொது விதி. அமிதாயுஸ் போன்ற முடி சூடிய புத்தர்கள் விதிவிலக்கு.

இங்கே கிரீடம்தான் முதல் தடயம். கிரீடத்தின் நடுவில் தியானத்தில் அமர்ந்த குட்டி அமிதாபர் இருந்தால், கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர். சிறிய ஸ்தூபி இருந்தால், இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர். மைத்ரேயர் நாற்காலியில் உட்கார்வது போல இரண்டு கால்களையும் தொங்கவிட்டு அமர்ந்திருப்பதும் உண்டு. ஓங்கிய வாளும் தாமரை மேல் ஒரு சுவடியும் மஞ்சுஸ்ரீக்கு உரியவை: வாள் அறியாமையை வெட்ட, சுவடி பிரஞ்ஞாபாரமிதை என்னும் மெய்யறிவு நூல். வலக்கையில் மார்புக்கு நேராக வஜ்ரமும் இடக்கையில் இடுப்போரம் மணியும் இருந்தால் வஜ்ரசத்துவர். தொந்தியோடு அமர்ந்து, ரத்தினம் கக்கும் கீரியைக் கையில் பிடித்திருப்பவர் ஜம்பலர், நம் குபேரனுக்குச் சொந்தக்காரர். ஆறு கைகளோடு ஒரு கையில் கதிர்க்கற்றை ஏந்திய தேவி வசுதாரை. நேபாளத்தில் வீட்டுக்கு வீடு கும்பிடுகிற செல்வத் தெய்வம் அவள்.

கொரியாவில் ஒரு தனி வகை உண்டு. ஒரு காலை மற்றொரு தொடையின் மேல் மடித்து, விரல்களைக் கன்னத்தில் வைத்து யோசனையில் ஆழ்ந்த போதிசத்துவர். 6, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இரண்டு பொன்முலாம் சிலைகள் சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரே அறையில் இருக்கின்றன. மைத்ரேயர் என்று பலர் சொல்கிறார்கள். பெயர் என்னவாக இருந்தாலும், இந்தக் கலையில் மிகச் சிறந்தவை எவை என்று என்னைக் கேட்டால் அந்த இரண்டைத்தான் சொல்வேன்.

தாரா தேவி யார்? பச்சைத் தாரா, வெள்ளைத் தாரா என்கிறார்களே?

அவலோகிதேஸ்வரரின் கருணையோடு தொடர்புடைய பெண் தெய்வம், துன்பக் கடலைக் கடக்க வைப்பவள். பச்சைத் தாரா வலக்காலைக் கீழே நீட்டி, எழுந்து வரத் தயாராக இருப்பது போல அமர்ந்திருப்பாள். வெள்ளைத் தாரா இரு கால்களையும் மடித்திருப்பாள், அவளுக்குக் கண்கள் ஏழு: முகத்தில் நெற்றிக்கண்ணோடு மூன்று, உள்ளங்கைகளில் இரண்டு, உள்ளங்கால்களில் இரண்டு. முலாமின் மேல் உள்ளங்கையில் கண் தெரிந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

மிகப் புகழ்பெற்ற தாரா இலங்கையைச் சேர்ந்தவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கிடைத்த சிலை அது. சுமார் 8-ஆம் நூற்றாண்டு, உயரம் 143 சென்டிமீட்டர், முழுக்கக் கனமாக வார்த்துத் தங்கம் பூசியது. பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் அதை 1830-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். வலக்கை வரதம் காட்டுகிறது. இடக்கையில் இருந்திருக்க வேண்டிய மலர் இப்போது இல்லை. உயர்ந்த முடியில் ஒரு சிறு மாடம் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒரு குட்டிப் புத்தர் இருந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் இதைப் பத்தினித் தெய்வம் என்றே குறித்து வைத்திருந்தார்கள். பத்தினி என்றால் நம் கண்ணகிதான். கையையும் முடியையும் கவனித்த பிறகே தாரா என்று பெயர் மாறியது.

குவான்யின் ஆணா, பெண்ணா?

இந்தியாவில் ஆணாக இருந்த அவலோகிதேஸ்வரர்தான் சீனாவில் குவான்யின். அங்கே காலப்போக்கில் பெண்ணுருவம் கொண்டார். பழைய சீனச் சிலைகளில் மெல்லிய மீசையே தெரியும். பிற்காலத்தில் வெள்ளாடை அணிந்த அம்மன்.

கோரைப்பல், மண்டையோட்டு மாலை... இவை எப்படிப் பௌத்தம்?

காளியையும் பைரவரையும் கும்பிடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மகாகாளர், யமாந்தகர் போன்றோர் தர்மத்தைக் காக்கும் உக்கிர மூர்த்திகள். அவர்களுடைய கோபம் அறியாமையின் மேலும் ஆணவத்தின் மேலும்தான். யமாந்தகருக்கு எருமைத் தலை, ஏனென்றால் அவர் யமனையே அடக்கியவர். கோபமூர்த்திகளின் எரியும் முடிக்குத் தங்கத்தின் மேல் செஞ்சாயம் பூசுவார்கள்.

ஆறு கை மகாகாளரின் காலடியில் யானைத் தலையோடு ஒருவர் கிடப்பார். பார்க்கிற தமிழர்களுக்குச் சட்டென்று மனம் சங்கடப்படும். ஆமாம், அது விநாயகர்தான். விக்கினங்களின் தலைவரை அடக்கித் தன் வழிக்குக் கொண்டுவந்தார் என்பது அவர்களுடைய கதை. அதே திபெத்தில், சிவந்த மேனியும் பன்னிரண்டு கைகளும் கொண்டு ஆடும் கணபதியை வணங்கவும் செய்கிறார்கள்.

ஆணும் பெண்ணும் தழுவிய கோலத்தில் இருப்பதும் இந்த மரபில்தான். ஆண் உருவம் கருணை என்னும் வழிமுறை, பெண் உருவம் மெய்யறிவு. இரண்டும் பிரியாமல் இருப்பதே ஞானம் என்பது பொருள். பழைய மடங்களில் இவற்றைத் துணி போட்டு மூடி, தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும் காட்டுவது உண்டு.

தொப்பை போட்ட சிரிக்கும் புத்தர்?

அவர் கௌதம புத்தர் அல்ல. பூதாய் என்ற சீனத் துறவி, 10-ஆம் நூற்றாண்டுக்காரர். மைத்ரேயரின் அவதாரம் என்று சீனர்கள் கருதினார்கள். வயிற்றைத் தடவினால் பணம் வரும் என்பதெல்லாம் பரிசுப்பொருள் கடைக்காரர்களின் சொத்து.

ஒரு சிலை எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. நேபாளச் சிலைகளில் செம்பின் செம்மை முலாமுக்கு அடியில் எட்டிப் பார்க்கும், தோள் அகன்று முகம் மென்மையாக இருக்கும். நித்திய பூசையில் தொட்டுத் தொட்டு மூக்கும் நெற்றியும் தேய்ந்திருக்கும், மடிப்புகளில் குங்குமம் ஒட்டியிருக்கும். திபெத்தில் டென்சாட்டில் என்ற மடத்திலிருந்து வந்தவற்றில் நீலமும் சிவப்புமாகக் கற்கள் நெருக்கமாகப் பதித்திருக்கும். 1179-இல் தொடங்கிய அந்த மடம் கலாச்சாரப் புரட்சியின்போது அழிக்கப்பட்டது. அதன் துண்டுகள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

மங்கோலியாவில் சனபசார் (1635–1723) என்ற ஒருவரே ஒரு மரபு. அவர் மதத்தலைவர், அவரே சிற்பி. உடல் வழுவழுவென்று, முலாம் ஒரே சீராக, பீடம் பல சமயம் முரசு போல உருண்டையாக இருக்கும்.

ஆனால் நாடு என்பதே இங்கே வழுக்கலான விஷயம். நேவார் சிற்பிகள் எங்கும் போனார்கள். அர்னிகோ (1245–1306) என்ற நேபாள இளைஞர் திபெத் வழியாகக் குப்லாய் கானின் அரசவை வரை போய், அங்கே அரசுப் பட்டறைகளுக்குத் தலைவரானார். பெய்ஜிங்கின் வெள்ளை ஸ்தூபி அவர் கட்டியது. அதன் பிறகு சீனாவில் வார்த்த புத்தர்களின் இடுப்பிலும் தோளிலும் காத்மாண்டு தெரிகிறது. ஆகவே 'திபெத் அல்லது சீனா' என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தால் அதை எழுதியவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம், நேர்மையானவர்.

பீடத்தில் சீன எழுத்து இருக்கிறது. அதை நம்பலாமா?

மிங் அரசர் யொங்லெ (ஆட்சி 1403–1424) திபெத்திய லாமாக்களுக்குப் பரிசளிக்கவென்றே அரண்மனைப் பட்டறையில் சிலைகள் செய்வித்தார். திபெத்திய மதத்தலைவரான ஐந்தாம் கர்மபா 1407-இல் நான்ஜிங் வந்தபோது அவருக்குக் கிடைத்த மரியாதை பெரிது. இந்தச் சிலைகளின் பீடத்தில் ஆறு எழுத்துகள் இருக்கும்: 'மாபெரும் மிங் அரசின் யொங்லெ காலத்தில் அளிக்கப்பட்டது'. வழக்கமான சீன எழுத்து வலமிருந்து இடம் போகும் காலத்தில், இது மட்டும் இடமிருந்து வலமாக எழுதப்பட்டது, பெறுகிறவர்கள் திபெத்தியர் என்பதால். 2013 அக்டோபரில் ஹாங்காங்கில் ஒரு யொங்லெ சாக்கியமுனி 23.6 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது. விலை அந்த அளவுக்குப் போனால் போலி எழுத்தும் வெட்டத்தான் செய்வார்கள். எழுத்தை நம்பிச் சிலையை ஏற்காதீர்கள், சிலையை நம்ப முடிந்தால் எழுத்தை ஏற்கலாம்.

பின்னால் வந்த சிங் வம்ச அரசர் சியெங்லுங் காலத்தில் (ஆட்சி 1736–1795) நிலைமை வேறு. 1770-இல் அரசரின் அறுபதாம் பிறந்தநாள், அடுத்த ஆண்டு தாயாரின் எண்பதாம் பிறந்தநாள். ஆயுள் தரும் அமிதாயுஸ் படிமங்களை அச்சு மாறாமல் ஏராளமாகச் செய்து குவித்தார்கள். பீடத்தில் ஆண்டும் 'பக்தியுடன் செய்யப்பட்டது' என்பதும் இருக்கும். உலகச் சந்தையில் அடிக்கடி வரும் சிலை இதுதான். அழகு கொஞ்சம் குறைவு, வரலாறு தெளிவு.

அடியில் ஒரு தகடு மூடியிருக்கிறது. திறந்து பார்க்கலாமா?

கூடாது. சிலை கூடாக வார்க்கப்படுவதற்கான பயன் இங்கேதான். பிரதிஷ்டையின்போது உள்ளே மந்திரம் எழுதிய சுருள்கள், தானியம், புனிதச் சின்னங்கள், நடுவில் உயிர்த்தண்டாக ஒரு மரக்குச்சி எல்லாம் வைத்து, செப்புத் தகட்டால் மூடுவார்கள். தகட்டில் குறுக்காக அமைந்த இரட்டை வஜ்ரம் செதுக்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் அது வழிபாட்டுக்கு உரியது. தகட்டைக் கழற்றினால் பக்தர்களின் கணக்கில் உயிரைப் பிடுங்கியதாகும். ஆராய்ச்சியாளர்களின் கணக்கிலும் நஷ்டம்தான், ஏனென்றால் உள்ளே உள்ள காகிதத்தையும் மரத்தையும் வைத்துக் காலத்தைக் கணிக்க முடியும். இப்போது நல்ல அருங்காட்சியகங்கள் எக்ஸ்-கதிரும் சி.டி. ஸ்கேனும் எடுத்து, திறக்காமலே பார்க்கின்றன. சந்தையில் கிடைக்கும் சிலைகளில் பாதிக்கு மேல் வயிறு காலி என்பது போல எனக்குத் தோன்றுகிறது. கொள்ளையடித்தவர்கள் முதலில் தேடுவது அங்கேதான்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்முலாம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அது எல்லா இடுக்குகளிலும் ஒரே மெல்லிய படலமாக ஒட்டும். அதில் பாதரசம் இருக்காது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை செய்தால் பாதரசம் இருக்கிறதா, உலோகக் கலவை என்ன என்று சில நிமிடங்களில் தெரியும். ஆனால் பாதரசம் இருந்தால் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லலித்பூர் என்னும் பாட்டனில் சாக்கியர் என்னும் நேவார் சிற்பிக் குடும்பங்கள் இன்றும் பாதரச முலாம் பூசுகின்றன, போன வருஷம் செய்த சிலையிலும் அது இருக்கும்.

வார்ப்பின் மண்கரு உள்ளே மிச்சம் இருந்தால் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் அது கடைசியாக எப்போது சூடானது என்று கணிக்கலாம். கண்ணால் பார்ப்பதானால் தேய்மானத்தைப் பாருங்கள். மூக்கு, முழங்கால், விரல் மூட்டு என்று கைபடும் இடங்களில் தங்கம் போயிருக்க வேண்டும், மடிப்புகளில் தங்கியிருக்க வேண்டும். மடிப்புக்குள் தேய்ந்து மூக்கில் மின்னினால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். கூடவே முத்திரையைச் சரிபாருங்கள். காலத்தைப் போலியாகச் செய்யத் தெரிந்தவனுக்கு லட்சணம் தெரியாமல் போவது உண்டு: வெள்ளைத் தாராவுக்கு உள்ளங்காலில் கண் இல்லாமல் விட்டுவிடுவான்.

வீட்டில் உள்ள சிலையை எப்படிச் சுத்தம் செய்வது?

புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், விபூதி எதுவும் வேண்டாம். முலாம் மிக மெல்லியது, ஒரே ஆடிவெள்ளியில் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். குங்குமமும் நெய்ப்பிசுக்கும்கூட வரலாறுதான், சுரண்டாதீர்கள். வெளிர்ப் பச்சையில் மாவு போலப் பூத்தால் அது குளோரைடால் வரும் வெண்கல நோய். அந்தச் சிலையை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் இல்லாத இடத்தில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்கலாமா, விற்கலாமா, வெளிநாடு கொண்டுபோகலாமா?

இந்தியாவில் 1972-இல் இயற்றி 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. நேபாளத்தில் புதுச் சிலை வாங்கினாலும் அது பழையதல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற்றுக்கொண்டு புறப்படுவது நல்லது, இல்லாவிட்டால் விமான நிலையத்தில் வாதாட வேண்டியிருக்கும். வீடு கட்டத் தோண்டும்போது சிலை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும்.

திருடுபோன சிலைகள் திரும்பி வருவது உண்டா?

வருகின்றன, மெதுவாக. நாளந்தா அருங்காட்சியகத்திலிருந்து 1961-இல் களவுபோன 12-ஆம் நூற்றாண்டு வெண்கலப் புத்தரை, லண்டன் காவல்துறை 2018 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவிடம் ஒப்படைத்தது.

இன்னொரு வழக்கு சிக்கலானது. ஜப்பானின் சுஷிமா தீவில் கன்னோன்ஜி என்ற கோயிலில் பொன்முலாம் பூசிய ஒரு அவலோகிதேஸ்வரர் இருந்தார். அவரை 1330-இல் செய்தது கொரியாவில். 2012-இல் கொரியத் திருடர்கள் அதைத் திருடித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் அகப்பட்டார்கள். அப்போது கொரியாவின் புசொக்ஸா கோயில், 'இது எங்கள் கோயிலுக்காகச் செய்தது, பல நூற்றாண்டுக்கு முன் கடற்கொள்ளையர் எடுத்துப்போனது' என்று வழக்குப் போட்டது. 2017-இல் கீழ் நீதிமன்றம் கொரியக் கோயிலுக்குத் தந்தது. மேல்முறையீட்டில் அது மாறி, நெடுங்காலம் வைத்திருந்ததால் உரிமை ஜப்பானியக் கோயிலுக்கே என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடித்தது. 2025-இல் சிலை சுஷிமாவுக்குத் திரும்பியது. திருடனிடமிருந்து திருடினால் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டு ஆனது.

எங்கே போனால் நன்றாகப் பார்க்கலாம்?

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பாருங்கள், நடராஜரிடம் நிற்கிற கூட்டம் அங்கே இருக்காது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வெகெரகலவில் கிடைத்த அவலோகிதேஸ்வரர், அரச லீலாசனத்தில் ஒரு கையை முழங்கால் மேல் தளர விட்டு அமர்ந்திருக்கிறார், மேலே முலாமின் மிச்சம். முத்திரைகளையும் வார்ப்பு முறையையும் சேர்த்துக் கற்க வேண்டுமானால் பாட்டன் அருங்காட்சியகம்தான் சிறந்தது. பழைய அரண்மனையில் 1997-இல் திறந்தது, ஒவ்வொரு கையையும் விளக்கிக் காட்டுகிறார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஹிரண்யவர்ண மகாவிகாரை, இன்னும் பூசை நடக்கும் இடம். செருப்பையும் தோல் பெல்ட்டையும் வெளியே விட வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோ ஆசிய அருங்காட்சியகத்தில் 338-ஆம் ஆண்டு என்று பொறித்த புத்தர் இருக்கிறார். ஆண்டு குறித்த சீனப் புத்தர்களில் கிடைத்தவற்றுள் இதுவே பழையது. கைகள் இரண்டும் வயிற்றுக்கு முன்னால் கோத்தபடி இருக்கும். தியான முத்திரையை அந்தச் சிற்பி கேள்விப்பட்டு மட்டுமே செய்திருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.